"ராத்திரிக்கு என்ன டிபன்?" தினமும் இதே தலைவலியா? கிழமைக்கு ஒரு வகை என்று பிரித்தால் பாதி கவலை தீரும்!

ஐயப்பன்தாங்கல்:

சாயங்காலம் 6 மணி ஆகிவிட்டால் ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி பக்கம் பெரும்பாலான வீடுகளில் ஒரே கேள்விதான் ஓடுகிறது. "ராத்திரிக்கு என்ன?"

போரூரில் வேலை முடிந்து வருகிறவர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வருகிறவர், பஸ் பணிமனை எதிரில் இறங்கி நடந்தே வீடு சேர்கிறவர், எல்லோருக்கும் அப்போது கையில் இருப்பது கொஞ்ச நேரம், மீதி இருப்பது களைப்பு. பூந்தமல்லி சாலை நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, பிரிட்ஜை திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் ஒன்றும் தோன்றாது. கடைசியில் என்ன நடக்கும்? மாவு பாக்கெட் வாங்கி தோசை சுடுவார்கள். அல்லது பரோட்டா பார்சல். நாலு பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு 3 நாள் பார்சல் என்றால் மாசக் கடைசியில் மளிகைக் கடை பாக்கி ஏறிவிடும்.

சமைப்பதை விட என்ன சமைப்பது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம் என்பது சமையல் அறையில் நிற்கிறவர்களுக்கு தெரியும். அந்த முடிவை தினமும் எடுக்காமல் வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் எடுத்தால் போதும் என்பதுதான் இந்த கிழமை முறை. திங்கள் என்றால் இன்ன வகை, செவ்வாய் என்றால் இன்ன வகை என்று வைத்துவிடுவது. அமெரிக்காவில் இதற்கு பெயர் எல்லாம் வைத்து செவ்வாய்க்கிழமை 'டாக்கோ' என்ற மக்காச்சோள ரொட்டி சாப்பிடுகிறார்கள். சுவீடன் நாட்டில் வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப்பும், மெல்லிய தோசை மாதிரி ஒரு பதார்த்தமும். ஜப்பான் கடற்படை கப்பல்களில் வெள்ளிக்கிழமை தவறாமல் கறிக்குழம்பு சாதம். நாள்கணக்கில் கடலிலேயே இருப்பவர்களுக்கு கிழமை மறந்து போகாமல் இருக்க அது உதவுகிறது என்று அங்கே சொல்வார்கள்.

நம்மிடமே இருக்கிறது

இதற்காக வெளிநாட்டை பார்க்க வேண்டியது இல்லை. தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு கிழமை வாரியாகத்தான் சாப்பாடு போடப்படுகிறது. நம்ம வீட்டு பிள்ளைகளும் அதைத்தான் சாப்பிடுகிறார்கள்.

எம்.ஜி.ஆர். 1982-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி சத்துணவு திட்டத்தை தொடங்கினார். நீண்ட காலம் அதில் சாதம், சாம்பார்தான். பிறகு முட்டை சேர்ந்தது. முதலில் எப்போதாவது ஒன்று, பிறகு வாரம் ஒன்று என்று ஏறி 2010-ல் வாரத்துக்கு 5 முட்டை ஆனது. ஆனாலும் தினமும் ஒரே சாம்பார் சாதம் என்றால் எந்த பிள்ளைதான் ஆசையாக சாப்பிடும்?

2013-ம் ஆண்டு ஜெயலலிதா முதல்-அமைச்சராக இருந்தபோது கலவை சாதங்கள் சோதனை முறையில் வந்தன. பின்னர் மாநிலம் முழுவதும் விரிவானது. 13 வகை சாதம், 4 வகை முட்டை மசாலா. அந்த பட்டியலை போட்ட விதத்தைத்தான் குடும்பத்தலைவிகள் கவனிக்க வேண்டும். 1-வது, 3-வது வாரத்துக்கு ஒரு பட்டியல். 2-வது, 4-வது வாரத்துக்கு இன்னொரு பட்டியல். முதல் வாரம் திங்கள் வெஜிடபிள் பிரியாணி, செவ்வாய் கொண்டைக்கடலை புலாவ், புதன் தக்காளி சாதம், வியாழன் சாதம்-சாம்பார், வெள்ளி கறிவேப்பிலை சாதம் அல்லது கீரை சாதம். அடுத்த வாரம் சாம்பார் சாதம், மீல் மேக்கர் காய்கறி சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம் என்று மாறும். ஒரு தடவை சாப்பிட்டது மறுபடி வர பெரும்பாலும் 2 வாரம் ஆகும். அலுக்காது. ஆனால் வாங்க வேண்டிய சாமான் மட்டும் முன்கூட்டியே தெரியும்.

அடுத்து வந்தது காலை உணவு திட்டம். 2022-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 1 முதல் 5-ம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் 1,545 அரசு பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டு 25-ந் தேதி திருக்குவளையில் இருந்து எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிவானது. 2024 ஜூலை 15-ந் தேதி ஊரக பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கிய விழா, பக்கத்து திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் நடந்தது.

இதில் முதலில் வந்த பட்டியல் ரொம்ப எளிமையானது. திங்கள், வியாழன் உப்புமா வகை. செவ்வாய் கிச்சடி வகை. புதன் பொங்கல் வகை. வெள்ளி மறுபடி கிச்சடி, கூடவே கேசரி. இங்கே 'வகை' என்ற சொல்தான் முக்கியம். திங்கள் என்றால் ரவா உப்புமா என்று கட்டிப்போடவில்லை. ரவை, சேமியா, அரிசி, கோதுமை ரவை எது இருக்கிறதோ அதில் உப்புமா. 2025-ல் அரிசி உப்புமாவுக்கு பதில் பொங்கல்-சாம்பார் என்று மாற்றமும் அறிவிக்கப்பட்டது. உப்புமாவை பிள்ளைகள் எப்படி பார்க்கிறார்கள் என்பது சமைக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே!

அளவும் கணக்காக வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு அரிசி அல்லது ரவை அல்லது சேமியா 50 கிராம். சாம்பாருக்கு பருப்பு 15 கிராம். வெந்த பிறகு 150 முதல் 200 கிராம் உணவு, 100 மில்லி காய்கறி சாம்பார். வீட்டில் இதை அப்படியே பயன்படுத்தலாம். பெரியவருக்கு இரண்டு மடங்கு என்று வைத்தால், 2 பெரியவர், 2 சின்ன பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு வேளை கிச்சடிக்கு ரவை 300 கிராம் போதும். அரை கிலோ பாக்கெட்டை மொத்தமாக கொட்டி கிளறி, மீதியை மறுநாள் யாரும் தொடாமல் குப்பையில் போடுவது மிச்சமாகும்.

வகையை கட்டு, பதார்த்தத்தை கட்டாதே

வீட்டில் இந்த முறையை தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, "திங்கள் இட்லி-தக்காளி சட்னி, செவ்வாய் சப்பாத்தி-பட்டாணி குருமா" என்று காலண்டரில் எழுதி ஒட்டுவதுதான். செவ்வாய் அன்று பட்டாணி விலை ஏறி இருக்கும். அல்லது மாவு பொங்கி இருக்காது. இரண்டு வாரத்தில் அந்த பேப்பரை கிழித்து போடுவார்கள். செவ்வாய் கோதுமை நாள் என்று மட்டும் வைத்தால் சப்பாத்தியும் வரும், கோதுமை தோசையும் வரும், கோதுமை ரவை கஞ்சியும் வரும்.

சென்னை பக்கத்து வீடுகளுக்கு ராத்திரி சாப்பாடு என்றால் டிபன்தான். டிபன் என்றால் மாவு. ஆகவே கிழமை முறையை மாவில் இருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். ஞாயிறு மத்தியானம் ஊறப்போட்டு சாயங்காலம் அரைத்தால், திங்கள் காலைக்குள் பொங்கிவிடும். பொங்கின மாவில் முதல் இரண்டு நாள் இட்லி பஞ்சு மாதிரி வரும். பிரிட்ஜில் வைத்திருந்தாலும் மூன்றாம் நாள் புளிப்பு ஏறும். அப்போது அது தோசைக்கு சரி. நாலாம் நாள் வெங்காயம், பச்சை மிளகாய், கேரட் துருவல் போட்டு ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம். புளித்த மாவை இட்லிக்கு ஊற்றிவிட்டு "கல்லு மாதிரி இருக்கு" என்று திட்டு வாங்க வேண்டாம். மாவு தானாகவே கிழமையை சொல்லிவிடும்.

எல்லா நாளும் மாவு நாள் ஆகிவிட்டால் வீட்டில் சண்டை வரும். திங்கள் இட்லி, செவ்வாய் கோதுமை, புதன் தோசை, வியாழன் ஊத்தப்பம் என்று நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டால் "இன்னிக்கும் இட்லியா?" என்ற சத்தம் கேட்காது. வெள்ளி, செவ்வாய் அசைவம் இல்லை, சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம், ஞாயிறு கறி அல்லது மீன் என்று நம்ம ஜனங்கள் ஏற்கனவே பாதி பட்டியலை போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். பாட்டி காலத்து வழக்கத்தில் மீதி நாளை நிரப்புவதுதான் வேலை. புரட்டாசி வந்தால் ஞாயிறு கறி மட்டும் மாறும். மற்ற நாளுக்கு ஒன்றும் ஆகாது.

இன்னொரு விஷயம் பலர் கவனிப்பது இல்லை. பிள்ளை அரசு பள்ளியில் படித்தால், காலையும் மத்தியானமும் அங்கே என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் பள்ளியில் உப்புமா சாப்பிட்ட பிள்ளைக்கு ராத்திரியும் உப்புமா கிண்டி வைத்தால் தட்டு அப்படியே இருக்கும். அம்மா கோபப்படுவார். பிள்ளை அழும். அப்பா பிஸ்கட் பாக்கெட் வாங்கி வருவார். பள்ளி பட்டியல் அவ்வப்போது மாறுவதால் சத்துணவு அமைப்பாளரிடமோ டீச்சரிடமோ கேட்டால் சொல்வார்கள். தனியார் பள்ளி பிள்ளைகளுக்கு மத்தியான டப்பாவில் கட்டியதை வைத்து ராத்திரியை முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான்.

காய்கறிக்கும் கிழமை உண்டு

ஞாயிற்றுக்கிழமை கோயம்பேட்டிலோ, போரூரிலோ மொத்தமாக காய் வாங்கி வருகிறவர்கள் அதிகம். மலிவுதான். ஆனால் வியாழக்கிழமை பார்த்தால் கீரை அழுகி இருக்கும், வெண்டைக்காய் முற்றி போயிருக்கும். மலிவாக வாங்கியதில் பாதி மாட்டுக்கு போகும். கீரை அன்றைக்கோ மறுநாளோ முடித்துவிட வேண்டும். வெண்டை, கத்திரி, அவரை, தக்காளியில் பழுத்தது இவை திங்கள், செவ்வாய்க்குள். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட் புதன், வியாழனுக்கு தாங்கும். உருளை, சேனை, வெங்காயம், முழு பூசணி வாரக் கடைசி வரைக்கும் கவலை இல்லை. வெள்ளிக்கிழமை பூரி-கிழங்கு என்று வைப்பதில் இந்த லாபமும் இருக்கிறது.

பருப்பு விஷயமும் இப்படித்தான். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு மானிய விலையில் கிடைக்கிறது. மேலே சொன்ன 15 கிராம் கணக்கை பெரியவருக்கு 30 கிராமாக போட்டால், 4 பேருக்கு ஒரு தடவை சாம்பாருக்கு 90 கிராம். அந்த ஒரு கிலோ 11 தடவை வரும். வாரத்துக்கு 2 அல்லது 3 நாள் சாம்பார் நாள் என்று வைத்தால் வெளியே பருப்பு வாங்காமலே மாசம் ஓடும். மற்ற நாள் சட்னி, பொடி, தயிர், முட்டை.

வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால் கோதுமை நாள்தான் நல்லது என்று நினைத்து 6 சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோதுமையிலும் மாவுச்சத்து இருக்கிறது. எண்ணிக்கைதான் முக்கியம். பக்கத்தில் காயும் பருப்பும் நிறைய இருக்க வேண்டும். மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மத்தியானம் மிஞ்சிய சாதத்தை ராத்திரி எலுமிச்சை சாதமாகவோ, முட்டை சாதமாகவோ கிளறும் வீடுகளில் ஒரு எச்சரிக்கை தேவை. வெயில் காலத்தில் சாதத்தை மத்தியானத்தில் இருந்து ராத்திரி வரை அடுப்பு மேடையிலேயே விட்டால் கெட்டுப்போகும். மறுபடி சூடு பண்ணினாலும் வயிற்றை கெடுக்கலாம். ஆறினதும் பிரிட்ஜில் வைக்க வேண்டும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்கு பழைய சாதம்.

யார் முடிவு செய்வது?

பட்டியலை அம்மா மட்டும் போட்டால் அது அம்மாவின் பட்டியல். குறை சொல்ல வீட்டில் எல்லோருக்கும் உரிமை வந்துவிடும். ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும் எல்லோரையும் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு நாள் கொடுத்துவிட்டால் கதை வேறு. மகளுக்கு வியாழன் என்றால், அன்று ஊத்தப்பத்தில் வெங்காயமா, பொடியா என்பது அவள் இஷ்டம். அவள் நாளில் தம்பி வாய் திறக்க முடியாது. அவன் நாளில் அவள். முடிவு பண்ணுகிறவர் வெங்காயமும் உரிக்க வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டால் இன்னும் நல்லது. இது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்காரருக்கும்தான். கணவன்-மனைவி இரண்டு பேரும் வேலைக்கு போகிற வீடுகளில், முதலில் வீட்டுக்கு வருகிறவர் அடுப்பை பற்ற வைக்க வேண்டும் என்றால் அவருக்கு என்ன செய்யணும் என்று தெரிந்திருக்க வேண்டும். போன் போட்டு கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். சப்பாத்தி நாள் என்று தெரிந்தால் மாவு பிசைந்து வைத்துவிடலாம்.

வாரத்தில் ஒரு நாளை காலியாக விட வேண்டும். சனிக்கிழமை வசதி. மிஞ்சியதை எல்லாம் தீர்ப்பதற்கோ, திடீரென்று ஊரில் இருந்து வரும் மாமா-அத்தைக்கோ, இல்லை ஆசைப்பட்ட பார்சலுக்கோ அந்த நாள். வாரம் ஒரு பரோட்டா பார்சல் யார் வீட்டு பட்ஜெட்டையும் கவிழ்க்காது. முதல் வாரமே 7 நாளையும் மாற்ற முயற்சி செய்யாமல், ரொம்ப களைப்பாக வரும் 3 நாளுக்கு மட்டும் வகை வைத்து பார்க்கலாம். ஷிப்டு மாறும் வீடுகளில், ராத்திரி ஷிப்டு வாரத்துக்கு தனியாக ஒரு பட்டியல் வேண்டும். ராத்திரி 9 மணிக்கு கம்பெனி பஸ் ஏறுகிறவருக்கு சூடாக ஊத்தப்பம் கட்டிக்கொடுத்தால், சாப்பிடுகிற நேரத்தில் அது ரப்பராகி இருக்கும். அந்த வாரம் இட்லியில் மிளகாய்ப்பொடி, எண்ணெய் தடவி டப்பாவில் போட்டால் நடுராத்திரியிலும் மிருதுவாகவே இருக்கும்.