பாதி ஓர்க் வந்ததும் போனதும்

தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிய கூட்டத்தில் ஓர் அசல் புத்தகம் இருந்தாலே பெரிய விஷயம். மற்றவர்கள் கையில் இருந்தது ஃபோட்டோகாப்பி கடையில் நகலெடுத்து, பிளாஸ்டிக் வளையம் போட்ட கட்டு. ஒருவர் டிஎம், கதையை நடத்துவது அவர் வேலை. மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். வாள் பட்டதா, பூட்டு திறந்ததா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். எஸ்பிஎம் வந்தது, காலேஜ் வந்தது, வேலை, கல்யாணம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கட்டுகள் பழைய பேப்பர் லாரியில் ஏறின.

இப்படிக் கழன்றவர்களைத் திரும்பக் கூப்பிடுவதே அந்த ஆட்டத்தின் தனித் தொழிலாகிவிட்டது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ஆட்டம் இது. அதன் பதிப்பு அரசியலைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவனைப் பின்தொடர்ந்தால் போதும்: பாதி ஓர்க். ஓர்க் என்ற முரட்டு இனத்துக்கும் மனிதருக்கும் பிறந்தவன். 1978 கையேட்டில் இருந்தான். 1989இன் இரண்டாம் பதிப்புக் கையேட்டில் காணோம். 'பிள்ளைகளுக்குப் பேய் வழிபாடு சொல்லிக்கொடுக்கிறார்கள்' என்று அமெரிக்கப் பெற்றோர் கொதித்து ஓய்ந்திராத காலம் அது. பிசாசுகளுக்கே பெயர் மாற்றி வைத்தார்கள். 2000இல் திரும்பி வந்தான். 2008இல் போனான். 2014இல் வந்தான். 2024 கையேட்டில் மறுபடியும் இல்லை. முழு ஓர்க் மட்டும் உண்டு.

ஆட்டத்தை வெளியிட்டு வந்த டிஎஸ்ஆர் கடனில் மூழ்கி, 1997இல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் கைக்குப் போனது. நம் வெள்ளி சரிந்ததும் அதே ஆண்டுதான். புது முதலாளியின் மூன்றாம் பதிப்பு 2000இல் வந்தபோது கையேட்டின் விலை 19.95 டாலர். டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டிருந்த காலத்தில் அது ஏறக்குறைய 76 வெள்ளி. நெருக்கடிக்கு முந்தைய 2.50 கணக்கில் 50 வெள்ளிதான் ஆகியிருக்கும். நகலெடுக்கும் கடைகள் பிழைத்தன.

ஆனால் அந்தப் பதிப்பு ஒரு நல்ல காரியம் செய்தது. பழைய விதியில் கவசம் பலமாக ஆக அதன் எண் குறையும். தாக்கோ என்ற உங்கள் தாக்குதல் எண் 15, எதிரியின் கவசம் 4 என்றால் பகடையில் 11 விழ வேண்டும். கவசம் −2 என்றால் 17. கழித்தலில் கழித்தல் வரும்போது மேசையில் பாதிப் பேர் விழிப்பார்கள். புதிய விதியில் பலமான கவசத்துக்குப் பெரிய எண். பகடையோடு உங்கள் திறனைக் கூட்டி அதை எட்டினால் அடி. அவ்வளவுதான். கூடவே, விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் புத்தகம் போடலாம் என்று திறந்த உரிமமும் கொடுத்தார்கள்.

அந்த உரிமமே 2008இல் திருப்பி அடித்தது. நான்காம் பதிப்பை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். கட்டம் கட்டமாக நகர்த்தும் சண்டை சுத்தமாக இருந்தது. ஆனால் பத்து வருடம் ட்ரூயிட் என்ற காட்டு மந்திரவாதியாக ஆடியவன் புத்தகத்தைத் திறந்தால் ட்ரூயிட் இல்லை, பாடகனான பார்ட் இல்லை, நோம் இனம் இல்லை. எல்லாம் அடுத்த ஆண்டு வரப்போகும் இரண்டாம் கையேட்டில். அவன் மீதியைப் படிப்பானா? பைசோ நிறுவனம் பழைய விதிகளை அதே உரிமத்தின் பேரில் எடுத்து, 2009இல் பாத்ஃபைண்டர் என்று வெளியிட்டது. கோபித்துக்கொண்ட கூட்டம் அங்கே குடியேறியது.

2012இல் விசர்ட்ஸ் இறங்கி வந்தது. வரைவு விதிகளைப் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்டது. ஒன்றே முக்கால் லட்சம் பேருக்கு மேல் ஆடிப் பார்த்ததாகக் கணக்கு. 2014இன் ஐந்தாம் பதிப்பில் ட்ரூயிடும் பார்டும் பாதி ஓர்க்கும் முதல் கையேட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அடிப்படை விதிகள் இலவசம். சாதகமான நிலையென்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடு. பட்டியல் பார்க்க வேண்டியதில்லை.

இருந்தாலும் இங்கே பலரைத் திரும்பக் கொண்டுவந்தது விதி என்று நான் நம்பவில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கிள்ளானில் ஒருவர், சிரம்பானில் ஒருவர், மெல்பர்னில் ஒருவர் என்று சிதறிய பழைய கூட்டம் டிஸ்கார்டில் ஒரே ராத்திரியில் கூடியது. அவர்கள் விட்டுப்போனது ஆட்டம் பிடிக்காமல் அல்ல, மேசை கலைந்ததால். எந்தப் பதிப்பும் அதைச் சரிசெய்யாது.

சேர்த்ததைக் கலைக்கவும் நிறுவனத்துக்குத் தெரியும். 2023 ஜனவரியில் திறந்த உரிமத்தைத் திரும்பப் பெறப் பார்த்து, ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, 27ஆம் தேதி அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் விட்டுப் பின்வாங்கியது. 2024 பதிப்பு யாரையும் கழற்றிவிடப் பார்க்கவில்லை. பழைய சாகசக் கதைகளோடு சேர்த்து ஆடலாம் என்கிறார்கள். பாதி ஓர்க்கைக்கூடப் பழைய புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். துணிச்சல் குறைவு. புத்திசாலித்தனம்.

இன்று கேஎல்சிசி கினோகுனியாவில் அசல் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா போர்ட்கேம் கடைகளில் ஆங்கிலத்தில் விதி பேசி, மலாயில் கிண்டலடித்து, பகடை கவிழ்ந்தால் தமிழில் தலையிலடித்துக்கொள்ளும் மேசைகள் உண்டு. கோட்டையும் பனியும் அலுத்தவர்களுக்கு மலேசியர்களான ஸெடெக் சியூவும் முன் காவும் சேர்ந்து உருவாக்கிய 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' என்ற ஆட்டநூல் வரிசை வெளிவந்தது: ஆறும் முதலையும் காடும் நம் பக்கத்து வாடையோடு.

2025 ஏப்ரலில் புதிய பதிப்பின் அடிப்படை விதிகளும் கிரியேட்டிவ் காமன்ஸில் இலவசமாக வந்துவிட்டன. பகடை ஒரு செட் வாங்கினால் போதும். பழைய கூட்டாளிகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை தட்டிவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.