பகலில் கடல்... இரவில் இசை! தனியாகப் போகிறவர்களுக்கு ஓர் அயர்லாந்து கிராமம்

தனியாகச் சுற்றுலா போகிறவர்களுக்குப் பகல் பொழுது பிரச்னையே இல்லை. பார்க்க ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டு நேரம்தான் சங்கடம். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, நாம் மட்டும் மொபைலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தச் சங்கடத்துக்கு இடமே தராத ஊர் ஒன்று அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. பெயர் டூலின். கிளேர் மாவட்டத்தில் உள்ள சின்னஞ்சிறு கிராமம்.

பகலில்...

டூலினுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன புகழ்பெற்ற மோஹர் பாறைகள். அட்லான்டிக் கடலிலிருந்து சுவர்போல எழுந்து நிற்கும் இவற்றின் அதிகபட்ச உயரம் 214 மீட்டர். உச்சியில் 1835-ல் கட்டப்பட்ட ஓ'பிரையன் கோபுரம். ஏப்ரல் முதல் ஜூலை வரை போனால், வண்ண அலகுள்ள பஃபின் பறவைகளையும் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை: காற்று பலமாக வீசும், விளிம்பு மண் சரியும். செல்ஃபிக்காகத் தடுப்பைத் தாண்டவே கூடாது. நடைபாதை திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சீசனில் டூலின் துறையிலிருந்து இனிஷியர் தீவுக்குப் படகு உண்டு. அங்கே கரையில் துருப்பிடித்துக் கிடக்கிறது 'பிளாஸி' என்ற சரக்குக் கப்பல். 1960-ல் புயலில் சிக்கிய அதன் மாலுமிகள் அனைவரையும் தீவுக்காரர்களே காப்பாற்றினார்கள்.

இரவில்...

இருட்டத் தொடங்கியதும் ஊர் 'பப்'களில் ஆரம்பமாகிறது 'செஷன்'. பப் என்றதும் தயங்க வேண்டாம். கிராமத்தில் அது ஊர்ப் பொதுத்திண்ணை மாதிரி. டீ வாங்கிக்கொண்டும் உட்காரலாம்.

மேடை கிடையாது, பெரும்பாலும் டிக்கெட்டும் கிடையாது. ஒரு மூலை மேஜையைச் சுற்றிக் கலைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஃபிடில் - வேறொன்றுமில்லை, நம் வயலின்தான். தகரப் புல்லாங்குழலான டின் விசில், ஆட்டுத்தோல் போர்த்திய பௌரான் மேளம், வாயால் ஊதாமல் முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இலன் பைப்ஸ். யாராவது ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார். தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இரண்டு மூன்று தடவை வாசித்ததும், நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். பெரும்பாலும் நோட்டுப் புத்தகம் இல்லாமல், காதால் கேட்டே கற்ற மெட்டுகள்.

இந்தச் சின்ன ஊரின் பெயரை வெளியுலகம் அறியச் செய்தவர்களில் முக்கியமானவர் மிஹோ ரஸ்ஸல் (1915-1994). விவசாயியான இவர், ஒரு டின் விசிலோடு வெளிநாடுகள் வரை போய் வாசித்தார். இவரைக் கேட்கவே ரசிகர்கள் டூலினுக்கு வந்தார்கள்.

இதை மறக்காதீங்க!

* கலைஞர்களின் மேஜையில் காலி நாற்காலி இருந்தாலும் கேட்காமல் உட்காராதீர்கள். வரவேண்டிய கலைஞருக்கான இடமாக இருக்கலாம்.
* யாராவது தனியாகப் பாடத் தொடங்கினால், பேச்சை நிறுத்திவிடுங்கள்.
* வீடியோ எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.
* அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டும். ஷெங்கன் விசா செல்லாது.
* தங்கும் அறை, பப்பிலிருந்து நடந்தே திரும்பும் தூரத்தில் இருக்கட்டும். கிராமத்துச் சாலை இருட்டாக இருக்கும் என்பதால் டார்ச் அவசியம்.

செஷனில் யாரோடும் வலியப் போய்ப் பேச வேண்டியதில்லை. காது கொடுத்துக் கேட்டாலே போதும், நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒரு மெட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், "எந்த ஊர்?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் தானாகவே கேட்பார்.

அதற்குள் உங்கள் மொபைல் பைக்குள் போயிருக்கும்.