குதிரை யாருக்குச் சொந்தம்? சிறார்–குதிரைப் படங்கள் எழுப்பும் கேள்வி

வண்டிப்பெரியார்: கேரள மாநிலம் வண்டிப்பெரியாரை அடுத்த பீர்மேடு மலைப்பகுதியில், குட்டிக்கானம் அருகே பள்ளிக்குன்னு புனித ஜார்ஜ் தேவாலயம் அமைந்துள்ளது. ஆங்கிலேய மதபோதகர் ஹென்றி பேக்கர் 1869இல் நிறுவிய இத்தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் மனிதர்களுடன் ஒரு குதிரையும் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. ஜே.டி. மன்றோ என்ற தோட்டத்துரையின் பெண் குதிரையான ‘டவுனி’ அது.

இத்தேயிலை மலைகளில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் குதிரை துரை ஏறிவரும் வாகனமாகவே இருந்தது. வீட்டில் வளர்க்கும் பிராணியாக இருந்ததில்லை. ஊரில் அய்யனாருக்கு நேர்ந்துவிடும் மண்குதிரையும் தெய்வத்துக்கு உரியது. சிறாரும் குதிரையும் தோழமை கொள்ளும் படங்கள் மேலைநாடுகளில் பெருகியதற்கும், தமிழில் அரிதாக இருப்பதற்கும் இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

பெரியவர்களின் உடைமை

இவ்வகைப் படங்களில் புகழ்பெற்றது 1944இல் வெளியான ‘நேஷனல் வெல்வெட்’. குலுக்கல் பரிசாகக் கிடைத்த குதிரையைப் பழக்கி, ஆண் வேடமிட்டுப் பந்தயத்தில் ஓட்டும் சிறுமியாக எலிசபெத் டெய்லர் நடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான ‘மை ஃபிரண்ட் ஃபிளிக்கா’வில், நோயுற்ற குதிரையைச் சுட்டுவிட முடிவெடுக்கும் தந்தைக்கும் அதைக் காக்கத் துடிக்கும் மகனுக்கும் இடையிலான போராட்டமே கதை.

ஆல்பர்ட் லமோரிஸ் இயக்கிய ‘வெண் பிடரி’ (1953) என்ற பிரெஞ்சுக் குறும்படத்தில், துரத்தி வரும் பண்ணையாட்களிடம் சிக்காமல் சிறுவனும் காட்டுக் குதிரையும் நீரில் இறங்கி மறைகின்றனர். 1979இல் வந்த ‘தி பிளாக் ஸ்டாலியன்’, கப்பல் விபத்தில் தப்பிய சிறுவனையும் கருங்குதிரையையும் ஆளில்லாத் தீவில் சேர்க்கிறது. உரிமை கோர எவரும் இல்லாத அத்தீவில்தான் அவர்களின் நட்பு மலர்கிறது.

இப்படங்களை இணைப்பது ஒரே முரண்பாடு. குதிரை மீது அன்பு கொண்டிருப்பது குழந்தை. அதை விற்கவோ, அடக்கவோ, கொல்லவோ அதிகாரம் பெற்றிருப்பவர்கள் பெரியவர்கள். குடும்பத்துடன் அமர்ந்து பார்க்கும் பெற்றோரையும் இக்கதைகள் சிந்திக்க வைப்பது இதனால்தான்.

தமிழில் யானையும் குதிரையும்

தமிழ்க் குடும்பப் படங்களில் இந்த இடத்தைப் பெரும்பாலும் யானை நிரப்பியது. சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் தயாரித்த ‘ஹாத்தி மேரே சாத்தி’ (1971) இந்திப் படமும், எம்.ஜி.ஆர். நடிக்க 1972இல் வெளிவந்த அதன் தமிழாக்கம் ‘நல்ல நேர’மும் இதற்குச் சான்றுகள்.

வண்டிப்பெரியாரிலிருந்து குமுளி வழியாக மலையிறங்கினால் தேனி மாவட்டம். அம்மாவட்டத்துக் கிராமம் ஒன்றைக் களமாகக் கொண்டது, பாஸ்கர் சக்தியின் சிறுகதையைத் தழுவி சுசீந்திரன் இயக்கிய ‘அழகர்சாமியின் குதிரை’ (2011). கோயிலின் மரக்குதிரை காணாமல் போன நிலையில், வழிதவறி வந்த உயிருள்ள குதிரையைத் தெய்வம் அனுப்பியதாக நம்பி ஊரார் கட்டிவைக்கின்றனர். அதைத் தேடி வருகிறார் அதன் உரிமையாளர்; சுமை ஏற்றிப் பிழைக்கும் ஏழை. நாயகன் சிறுவன் அல்ல என்றாலும், குதிரை தெய்வத்துக்கா, உழைப்பவனுக்கா என்ற கேள்வியே படத்தின் மையம். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும், அப்புக்குட்டிக்குச் சிறந்த துணை நடிகர் விருதும் இப்படத்துக்குக் கிடைத்தன.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) ஒடுக்கப்பட்டோர் வாழும் கிராமத்தில் ஒரு சிறுவனின் கையில் குதிரையைக் கொடுத்தது. துரைக்கும் தெய்வத்துக்கும் உரியதாகக் கருதப்பட்ட விலங்கு, அங்கே ஏழைச் சிறுவனின் தோழனாகிறது.

இன்று எடுப்பதாயின்

இத்தகைய படத்தை இந்தியாவில் எடுக்க இருவகை விதிகளைப் பின்பற்ற வேண்டும். 2001ஆம் ஆண்டின் காட்சி விலங்குகள் பதிவு விதிகளின்படி, குதிரையைப் பயன்படுத்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி தேவை. சிறாரை நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேலோ, தொடர்ந்து 27 நாள்களுக்கு மேலோ அவர்களைப் பணியாற்ற வைக்கக்கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அவர்கள் பெயரில் வங்கியில் செலுத்த வேண்டும்.

விதிகள் இருந்தும் கவலை தீரவில்லை. ஹைதராபாத் அருகே நடைபெற்ற ‘பொன்னியின் செல்வன்’ படப்பிடிப்பில் குதிரை ஒன்று இறந்ததாக எழுந்த புகாரின் பேரில், 2021இல் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது.

திரையில் குதிரைக்காகப் பரிந்து பேச ஒரு குழந்தை இருக்கிறது. படப்பிடிப்புத் தளத்தில் குழந்தை, குதிரை இரண்டுக்காகவும் பேச வேண்டிய பொறுப்பு பெரியவர்களுடையது.