பழமா, கொட்டையா, தூளா? ஆடலூர் காபிக்கு வரி கணக்கு மாறும் இடம் இதுதான்!

ஆடலூர்:

திண்டுக்கல் மாவட்டம் கீழ்பழனி மலையில் உள்ள ஆடலூர், பன்றிமலை பகுதிகளில் காபியும், அதற்கு நிழல் தரும் மரங்களில் மிளகுக் கொடியும் பயிரிடப்படுகின்றன. ஆரஞ்சும் மலைவாழையும் ஊடுபயிர். வருமான வரி ரிட்டன் தாக்கல் செய்யும் கெடு நெருங்கினால், பில்லையும் பாஸ்புக்கையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மலையை விட்டு இறங்கி, ஆடிட்டர் ஆபீஸ் படியேறும் விவசாயிகள் உண்டு. அங்கே முதலில் கிளம்பும் பேச்சு பெரும்பாலும் ஒன்றுதான். "காபிக்குத்தான் வரியே இல்லையே சார், பேருக்கு ஒரு கணக்கை போட்டு அனுப்பிருங்க."

இந்த பேச்சு பாதி உண்மை. மீதி பாதிதான் பின்னால் நோட்டீசாக வீடு தேடி வருகிறது.

விவசாயத்துக்கு வரி இல்லை, ஆனால்...

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. இதில் சந்தேகமே இல்லை. மிளகைப் பறித்து காய வைத்து விற்றால் முழுக்க விவசாய வருமானம். ஆரஞ்சும் வாழையும் அப்படியே. ஆனால் காபி, தேயிலை, ரப்பர் ஆகிய மூன்றுக்கும் தனி விதி இருக்கிறது. காரணம், இந்த மூன்றிலும் தோட்ட வேலை எங்கே முடிகிறது, தொழிற்சாலை வேலை எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது கஷ்டம். அதனால் லாபத்தில் ஒரு பங்கு விவசாயம், ஒரு பங்கு வியாபாரம் என்று அரசே பிரித்து வைத்துவிட்டது. தேயிலைக்கு 40 சதவீதமும், ரப்பருக்கு 35 சதவீதமும் வியாபார பங்கு. காபிக்கு உள்ள விதியின் பெயர் 7பி. 2001-ம் ஆண்டு வருமான வரி விதிகளில் இது சேர்க்கப்பட்டது.

காபிக்கு மூன்று படி

முதல் படி: காபியை பழமாகவே விற்பது, அல்லது பல்பிங் செய்து காய வைத்து பார்ச்மெண்டாக விற்பது. இது முழுக்க விவசாய வருமானம். வரி இல்லை.

இரண்டாவது படி: கியூரிங் செய்து, அதாவது மேல்தோட்டை மிஷினில் நீக்கி, தரம் பிரித்து, கொட்டையாக விற்பது. இதில் லாபத்தில் 25 சதவீதம் வியாபார வருமானம். மீதி 75 சதவீதம் விவசாயம்.

மூன்றாவது படி: அந்த கொட்டையை வறுத்து, அரைத்து, சிக்கரி கலந்தோ கலக்காமலோ தூளாக விற்பது. இதில் 40 சதவீதம் வியாபாரம். 60 சதவீதம் விவசாயம்.

கியூரிங் என்றால் எது என்பதற்கு 1942-ம் ஆண்டு காபி சட்டத்தில் சொன்ன அர்த்தத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த சட்டப்படி பல்பிங் மட்டும் கியூரிங்கில் சேராது. அதனால் வீட்டு முற்றத்தில் பல்பர் மிஷின் வைத்திருக்கும் சிறு விவசாயி பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பட்டிவீரன்பட்டி போன்ற ஊர்களில் உள்ள கியூரிங் ஆலைக்கு சரக்கை அனுப்பி, கூலி கொடுத்து கொட்டையாக்கி, பிறகு தன் பெயரில் விற்பவர் இரண்டாவது படிக்கு வந்துவிடுகிறார்.

ஆகவே கணக்கு போடும் ஆடிட்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை மூட்டை?" என்பது அல்ல. "எந்த நிலையில வித்தீங்க?" என்பதுதான்.

ஒரே தோட்டம், மூன்று கணக்கு

ஒரு உதாரணம் பார்க்கலாம். ஒரு விவசாயிக்கு 2025-26 நிதியாண்டில் செலவு போக காபியில் லாபம் 12 லட்சம் ரூபாய். டவுனில் ஒரு மளிகைக்கடை, அதில் லாபம் 4 லட்சம். புதிய வரி முறைப்படி கணக்கு போடுவோம்.

அவர் பார்ச்மெண்டாக விற்றிருந்தால், வரிக்கு வரும் வருமானம் கடை லாபம் 4 லட்சம் மட்டுமே. அது வரி விலக்கு வரம்புக்குள் இருப்பதால் வரி பூஜ்ஜியம்.

கொட்டையாக விற்றிருந்தால், 12 லட்சத்தில் 25 சதவீதம், அதாவது 3 லட்சம் வியாபார வருமானம். கடையோடு சேர்த்து 7 லட்சம். மீதி 9 லட்சம் விவசாயம். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு வருகிறது. மற்ற வருமானம் விலக்கு வரம்பை தாண்டி, விவசாய வருமானமும் 5 ஆயிரத்துக்கு மேல் இருந்தால், இரண்டையும் கூட்டி வரி விகிதம் பார்க்க வேண்டும். 7-ம் 9-ம் சேர்த்து 16 லட்சத்துக்கு வரி ரூ.1,20,000. விவசாய வருமானம் 9 லட்சத்துடன் விலக்கு வரம்பு 4 லட்சம் சேர்த்து 13 லட்சத்துக்கு வரி ரூ.75,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரூ.45,000 தான் வரி. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 60 ஆயிரம் ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. அதை கழித்தால் கட்ட வேண்டியது பூஜ்ஜியம். ஆனால் ரிட்டன் போடுவது கட்டாயம்.

தூளாக விற்றிருந்தால், 40 சதவீதம் 4.80 லட்சம். கடையோடு சேர்த்து 8.80 லட்சம். விவசாயம் 7.20 லட்சம். இதே முறையில் வரி ரூ.68,000 வரும். தள்ளுபடி 60 ஆயிரம் போக 8 ஆயிரம். 4 சதவீத செஸ் சேர்த்தால் ரூ.8,320 கட்ட வேண்டும்.

இப்போது அவசரத்தில் நடக்கும் தப்பை பார்க்கலாம். கெடு நாளில் விவரம் கேட்காமல் 16 லட்சம் முழுவதையும் வியாபார வருமானமாக போட்டால், வரி செஸ்சுடன் ரூ.1,24,800. காபியை கொட்டையாக விற்றவருக்கு இது அத்தனையும் தண்டம். மாறாக, கொட்டையாக விற்றுவிட்டு 12 லட்சத்தையும் விவசாயம் என்று காட்டினால், 3 லட்சத்தை மறைத்ததாக ஆகும். சரியாக காட்டினாலே வரி பூஜ்ஜியம் என்கிறபோது, மறைத்து என்ன லாபம்? நோட்டீசுக்கு வழி விடுவது ஒன்றுதான் மிச்சம்.

எந்த படிவம்?

சம்பளக்காரர்கள் போடும் ஐ.டி.ஆர்.-1 படிவமும், சிறு வியாபாரிகள் போடும் ஐ.டி.ஆர்.-4 படிவமும் விவசாய வருமானம் 5 ஆயிரம் ரூபாய் வரை இருப்பவர்களுக்கு மட்டுமே. அதற்கு மேல் போனால், வியாபார வருமானம் இல்லாதவர் ஐ.டி.ஆர்.-2, கியூரிங் செய்து விற்றவர் ஐ.டி.ஆர்.-3 போட வேண்டும். சுலபம் என்று முதல் படிவத்தையே தட்டிவிட்டால் ரிட்டன் குறைபாடு உள்ளது என்று திரும்பி வரும்.

விவசாய வருமானம் 5 லட்சத்தை தாண்டினால் இன்னொரு வேலையும் இருக்கிறது. நிலம் எந்த மாவட்டம், பின்கோடு என்ன, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசன நிலமா மானாவாரியா என்று அத்தனையும் எழுத வேண்டும். 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபி பவுண்டுக்கு 4 டாலரை தாண்டியது. இப்படி விலை ஏறும் வருஷத்தில், அதுவரை 5 லட்சத்தை எட்டிப்பார்க்காத சிறு விவசாயியும் அந்த வரம்பை தாண்டிவிடலாம். போன வருஷ ரிட்டனை அப்படியே காப்பியடிக்கும் பழக்கம் இங்கே கை கொடுக்காது.

தலைவலி கேசுகள்

மரத்தில் இருக்கும் காயை அப்படியே விலை பேசி, பறித்து விற்கும் வியாபாரிகள் "நாங்களும் காபிதானே விக்கிறோம்" என்பார்கள். நிலத்தில் பாடுபடாமல் விளைந்த பயிரை மட்டும் வாங்கி விற்றால் அது விவசாய வருமானம் ஆகாது. புகையிலை வழக்கு ஒன்றில் சென்னை ஐகோர்ட்டு 1951-லேயே இப்படி சொல்லிவிட்டது. ஆனால் நிலத்தை குத்தகைக்கு எடுத்து, தானே களை வெட்டி, உரம் போட்டு விளைவித்தவருக்கு அது விவசாய வருமானம்தான்.

பட்டா தாத்தா பேரில், பில் அண்ணன் பேரில், பணம் தம்பி கணக்கில் என்று இருக்கும் குடும்பங்களும் உண்டு. பணம் வந்த கணக்குக்காரரிடம்தான் முதல் கேள்வி வரும். யாருக்கு எத்தனை பங்கு என்று எழுத்தில் இருந்தால் தப்பலாம். வாய்ப்பேச்சு செல்லாது.

தோட்டத்துக்குள் கட்டிய வீட்டை டூரிஸ்டுகளுக்கு ஹோம்ஸ்டே விட்டு வரும் வாடகை, காபித் தோட்டத்துக்குள் இருப்பதாலேயே விவசாயம் ஆகிவிடாது.

ரொக்கத்திலும் கவனம் வேண்டும். ஒரே ஆளிடம் இருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. மீறினால் வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். கூலி கொடுத்ததற்கு கையெழுத்து நோட்டு இருக்க வேண்டும். நோட்டு இல்லாத செலவு, செலவாக நிற்காது. பட்டுப்போன காபிச் செடிக்கு பதில் புதுச்செடி நட்ட செலவையும் கழித்துக்கொள்ளலாம். பலர் இதை கேட்பதே இல்லை.

வேறு வழியில் வந்த பணத்தை காபிப் பணமாக காட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மத்திய தணிக்கைத்துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கையில், விவசாய வருமான விலக்கு தந்த 6,778 கேஸ்களை பார்த்ததில் 1,527-ல் ஆவணங்களை சரியாக பார்க்காமலேயே விலக்கு தரப்பட்டதாக சொல்லப்பட்டது. அதன்பிறகு இந்த இடத்தில் கேள்வி கேட்பது சகஜம்.

ரீஃபண்ட் ஆசை

இந்த சிக்கல் தோட்டக்காரருக்கு மட்டும் இல்லை. டிரைவர், மில் தொழிலாளி, டவுன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் என்று சம்பளத்தில் வரி பிடிக்கப்படும் எல்லோரையும் "ரீஃபண்ட் வாங்கித் தரேன், அதுல எனக்கு ஒரு பங்கு" என்று சொல்லி வளைக்கும் ஏஜெண்டுகள் உண்டு. கட்டாத வாடகை, கொடுக்காத நன்கொடை, இல்லாத கடன் என்று எழுதி ரிட்டன் போடுவதுதான் இவர்கள் வித்தை.

2025 ஜூலை 14-ந்தேதி நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித்துறை இப்படிப்பட்ட ஏஜெண்டுகளை குறிவைத்து சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய 4 மாதங்களில் மட்டும் சுமார் 40 ஆயிரம் பேர் ரிட்டனை திருத்தி, ரூ.1,045 கோடி அளவுக்கு பொய் கழிவுகளை வாபஸ் வாங்கியதாக அப்போது அறிவிக்கப்பட்டது. வருமானத்தை குறைத்து காட்டினால் அந்த வரியில் 50 சதவீதமும், பொய்யாக காட்டினால் 200 சதவீதமும் அபராதம். ஏஜெண்ட் பங்கை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நோட்டீஸ் ரிட்டனில் பெயர் இருப்பவருக்குத்தான் வரும்.

கெடு தள்ளிப்போகும் என்று இருக்கலாமா?

2025-ல் ஜூலை 31 கெடு செப்டம்பர் 15-க்கு தள்ளிப்போனது. கடைசி நேரத்தில் இன்னும் ஒரே ஒரு நாள் கூடுதலாக கிடைத்தது. அதை நம்பி ஒவ்வொரு வருஷமும் இருக்க முடியாது. எந்த படிவத்துக்கு எந்த தேதி என்று வருமான வரித்துறை இணையதளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. கெடு தாண்டினால் தாமத கட்டணம் ரூ.5 ஆயிரம். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் ரூ.1,000. கட்ட வேண்டிய வரி பாக்கி இருந்தால் மாதம் 1 சதவீதம் வட்டி தனி. வியாபாரத்தில் நஷ்டம் என்றால் அதை அடுத்த வருஷத்துக்கு கொண்டு போகும் உரிமையும் போய்விடும்.

ரிட்டன் அனுப்பியதோடு வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போன்ற வழியில் உறுதி செய்ய வேண்டும். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் பழசாக இருந்தாலோ, சிக்னல் இல்லாத தோட்டத்தில் போன் இருந்தாலோ கடைசி நாளில் அதுவே பெரிய தொல்லை. ஏற்கனவே தப்பாக போட்டுவிட்டவர்கள் திருத்தி அப்டேட்டட் ரிட்டன் போட 2025 நிதிச்சட்டம் 48 மாதம் வரை அவகாசம் தந்திருக்கிறது. தாமதம் ஆக ஆக கூடுதல் வரி ஏறும்.

கையோடு கொண்டு போக வேண்டியவை

காபி விற்ற பில், கியூரிங் ஆலை ரசீது, எல்லா பேங்க் பாஸ்புக்கும், கூலி நோட்டு, உரம்-மருந்து பில், பட்டா அல்லது குத்தகை பத்திரம், பான் கார்டு, ஆதாரில் உள்ள போன். பேங்க் வட்டி, பிடித்த வரி விவரம் எல்லாம் வருமான வரி இணையதளத்தில் ஏற்கனவே பதிவாகி இருக்கும். அதை முதலில் எடுத்துப் பார்த்துவிட்டு கணக்கு போட்டால் பாதி தகராறு வராது.

அனுப்பும் முன் ரிட்டன் நகலை வாங்கி, காபி வருமானம் எந்த கட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். தனக்கு படிக்க வராவிட்டாலும் மகனோ மகளோ படித்து சொல்லலாம். கணக்கு எழுதியவர் யாராக இருந்தாலும், பதில் சொல்ல வேண்டியவர் தோட்டக்காரரே என்பது குறிப்பிடத்தக்கது.