கியர் ஆயில் மாத்தப் போறீங்களா? மேல் போல்ட்டை முதல்ல கழற்றுங்க!

இன்ஜின் ஆயிலைத் தேதி பார்த்து மாத்துவோம். கியர் ஆயில்? கியர் இறுகுற வரைக்கும் ஞாபகமே வராது. மேனுவல் கியர் கார்ல இதை வீட்டிலேயே மாத்தலாம். ஆனா, வரிசை முக்கியம்!

முதல்ல பத்து நிமிஷம் காரை ஓட்டுங்க. சூடேறினால் ஆயில் இளகி, நல்லா வடியும். சமதரையில் ஜாக்கியால் தூக்கி, நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் ஸ்டாண்டு கொடுங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகவே கூடாது.

இப்போ கை தானா கீழே இருக்கிற டிரெய்ன் போல்ட்டுக்குப் போகும். நிறுத்துங்க! பக்கவாட்டில், மேலே இருக்கும் ஃபில்லர் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்க. அது துருப்பிடிச்சு அசையலைன்னாலும் பிரச்னையில்லை. பழைய ஆயிலோடயே ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிட்டுப் போயிடலாம். வடிச்ச பிறகு மாட்டிக்கிட்டா, காரைக் கட்டி இழுக்கணும்.

பல கார்களில் டிரெய்ன் போல்ட் நுனியில் காந்தம் இருக்கும். அதில் மை மாதிரி உலோகத்தூள் ஒட்டியிருப்பது சகஜம். சில்லு சில்லா வந்தா, மெக்கானிக்கிடம் காட்டுங்க.

புது ஆயில், காரோடு வந்த புத்தகத்தில் சொன்ன கிரேடுதான். ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கலாம்.

புது வாஷர் போட்டு டிரெய்ன் போல்ட்டை மூடுங்க. பெரும்பாலான கார்களில் ஃபில்லர் துளையில் ஆயில் வழியத் தொடங்கினால், அளவு சரி.

பழைய ஆயில்? சாக்கடையில் வேண்டாம். கேனில் பிடிச்சு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துடுங்க.