காயிலைப் பழிக்கும் முன்

1999 முதல் 2004 வரை விற்ற ஃபோர்டு லைட்னிங், சுமை வண்டியின் உடம்பில் பந்தயக் கார் எஞ்சினை வைத்த மாதிரி. 5.4 லிட்டர், எட்டு சிலிண்டர், காற்றை அமுக்கித் திணிக்கும் சூப்பர்சார்ஜர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில். இன்று பழசாகிவிட்ட இந்த வண்டி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் அடித்தால், எட்டு காயிலையும் மாற்றிவிடுவது பலரின் பழக்கம். அது வீண் செலவு. காற்று நெருக்கமாக அமுங்க அமுங்க, மின்பொறி ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். தேய்ந்த பிளக்கில் அந்த இடைவெளியும் அகன்றிருக்கும். அப்போது மின்சாரம், காயிலைப் பிளக்குடன் இணைக்கும் ரப்பர் உறையின் வெடிப்பு வழியாக எஞ்சின் உலோகத்துக்கு ஓடிவிடும். ஆகவே முதலில் மாற்ற வேண்டியவை பிளக்கும் உறையும்தான். பிறகும் கோளாறு நீடித்தால், சந்தேகப்படும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அகப்பட்டது.

பிளக்கை வீட்டில் மாற்றுவது ஆபத்து என்பார்கள். அதில் நியாயம் உண்டு: இந்த எஞ்சினின் ஆரம்பகால அலுமினிய ஹெட்களில் பிளக்கைப் பிடிக்கும் மரைகள் மிகக் குறைவு, ஓடும்போதே பிளக் பிய்த்துக்கொண்டு வெளியேறுவது இதன் பேர்போன வியாதி. ஆனால் அவசரக்காரப் பட்டறையிலும் இதே மரைதானே? எஞ்சின் ஆறியபின் பிளக் இருக்கும் குழியைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்து, பிளக்கைக் கையாலேயே திருகி, கடைசி முறுக்கை மட்டும் டார்க் ரெஞ்சில் அளந்து கொடுப்பவருக்குப் பட்டறையைவிட நேரம் அதிகம்.