சென் ஆற்றில் மிதந்த ஓவியக்கூடம்

ஆற்றையும் அதில் செல்லும் படகுகளையும் நேரில் பார்த்தபடி, திறந்தவெளியில் இருந்தே ஓவியத்தைத் தீட்டும் முறை 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வேரூன்றியது. அதற்காகவே ஒரு படகை ஓவியக்கூடமாக மாற்றிக்கொண்டவர்களுள் பெயர் பெற்றவர் கிளாட் மோனே (1840–1926). உணர்வுப்பதிவு ஓவிய இயக்கத்தின் வளர்ச்சியில் இந்தச் சிறு படகுக்கும் ஒரு பங்கு உண்டு.

பின்னணி

அக்காலத்தில் இயற்கைக் காட்சியை வரைபவர்கள் வெளியே சென்று குறிப்போவியங்களை மட்டுமே எடுத்து வருவது வழக்கம். முழு ஓவியம் வீட்டினுள் உருவாகும். வண்ணங்களைக் கொண்டுசெல்வதே பெரும் சிரமமாக இருந்தது. அரைத்துக் குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தனர். ஒருமுறை குத்தித் திறந்தால் அது விரைவில் உலர்ந்துவிடும். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், பிதுக்கிப் பயன்படுத்தும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். பல வண்ணங்களை ஒரு பெட்டியில் வைத்து எங்கும் எடுத்துச்செல்லும் வசதி இதனால் கிடைத்தது.

முன்னோடி தோபினி

படகை ஓவியக்கூடமாக்கும் எண்ணம் மோனேக்கு முன்பே தோன்றியது. சார்லசு பிரான்சுவா தோபினி 1857இல் ஒரு படகை வாங்கி, அதில் அறை அமைத்து, சென், ஒய்சு ஆறுகளில் பயணம் செய்து வரைந்தார். அந்தப் பயண வாழ்க்கையை 1862இல் செதுக்கோவியங்களாகவும் வெளியிட்டார்.

மோனேயின் படகு

மோனே 1871ஆம் ஆண்டு இறுதியில் ஆர்ஷாந்தேய் என்னும் ஊரில் குடியேறினார். பாரிசுக்கு அருகே சென் ஆற்றங்கரையில் உள்ள இவ்வூருக்குத் தொடர்வண்டி வசதி இருந்தது. ஆறு இங்கு அகன்றும் ஆழமாகவும் இருந்ததால் பாய்மரப் படகுப் போட்டிகள் நடந்தன. விடுமுறை நாட்களில் பாரிசு மக்கள் இங்கு வந்து கூடினர்.

இங்கு அவர் ஒரு படகை வாங்கி, அதன்மேல் சிறு மர அறையும் வெயில் மறைப்புத் துணியும் அமைத்துக்கொண்டார். 1874இல் நண்பர் எதுவார் மானே, இப்படகில் அமர்ந்து மோனே வரைவதையும் அருகில் அவர் மனைவி கமீல் இருப்பதையும் ஓவியமாக்கினார். இவ்வோவியம் செர்மனியின் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. மோனே, மானே ஆகிய பெயர்கள் ஒத்து ஒலித்தாலும் இருவரும் வேறு வேறு ஓவியர்கள் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

படகிலிருந்து வரைவதால் ஏற்படும் மாற்றங்கள்

கரையில் நிற்பவர் ஆற்றை மேலிருந்து பார்க்கிறார். படகில் அமர்ந்தவரின் கண்ணோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மட்டுமே இருக்கிறது. எனவே நீர்ப்பரப்பு படத்தின் முன்பகுதியை நிறைக்கிறது; பாய்மரங்கள் உயர்ந்து தெரிகின்றன. விரும்பிய இடத்துக்குப் படகை நகர்த்திக்கொள்ளவும் முடிகிறது.

எனினும் இடர்ப்பாடுகளும் உண்டு. படகு ஆடும், ஒளி மாறும், வரையப்படும் படகும் நிற்காமல் போய்விடும். ஆகவே நுணுக்கமான கோடுகளுக்கு நேரமில்லை. கீழ்வண்ணம் உலரும்முன் அதன்மேல் அடுத்த வண்ணத்தை அகன்ற குறுந்தீற்றல்களாக வைக்க வேண்டியிருக்கும்.

நீரின் எதிரொளிப்பு அதைவிடக் கடினம். அமைதியான நீர் கண்ணாடி போல் காட்சியைத் தலைகீழாகக் காட்டும். காற்று வீசினால் ஒவ்வோர் அலையும் தனித்தனிச் சிறு கண்ணாடியாகி, சில வானத்தையும் சில கரையையும் காட்டும். எனவே பிம்பம் துண்டு துண்டாக உடைந்து, கீழ்நோக்கி நீண்டு தெரியும். வெண்பாய்கூட நிழலில் நீலமாகவும் மாலை வெயிலில் மஞ்சளாகவும் தோன்றும். தெரிந்த நிறத்தை விட்டு, அந்த நொடியில் கண்ணுக்குத் தெரியும் நிறத்தைத் தீட்டுவதே இம்முறையின் அடிப்படை.

ஏறத்தாழ 1872இல் வரைந்த ஆர்ஷாந்தேய் படகுப் போட்டி ஓவியம் இதற்கு நல்ல சான்று. மேல்பாதியில் வீடும் மரமும் பாயுமாகத் தெரிபவை, கீழே நீரில் வெறும் வண்ணப்பட்டைகளாகின்றன. அருகில் பார்த்தால் பட்டைகள். சற்று விலகி நின்றால் அசையும் நீர்.

எதிர்ப்பும் ஏற்பும்

இவ்வகை ஓவியங்களை முற்றுப்பெறாதவை என்று பலர் ஒதுக்கினர். 1874 ஏப்ரலில் மோனேயும் நண்பர்களும் அரசுக் கண்காட்சியைச் சாராமல் பாரிசில் தனிக் கண்காட்சி நடத்தினர். அதில் இடம்பெற்ற, துறைமுக விடியலில் சிறு படகுகளைக் காட்டும் மோனேயின் ஓவியத் தலைப்பைக் கொண்டு லூயி லெருவா என்ற விமர்சகர் இவர்களைக் கேலி செய்தார். அந்தக் கேலிச்சொல்லே பின்னர் இயக்கத்தின் பெயராயிற்று.

பெயர் நிலைத்தாலும் வருவாய் உடனே நிலைக்கவில்லை. 1878இல் மோனே கடன்சுமையுடன் ஆர்ஷாந்தேயை விட்டு வெளியேறினார். அவருக்கு உதவியவர்களுள் ஒருவர் ஓவியரும் பாய்மரப் படகு வடிவமைப்பாளருமான குசுதாவ் கைய்போத். தாம் சேர்த்த நண்பர்களின் ஓவியங்களை அரசுக்கு உயில் எழுதிவிட்டு அவர் 1894இல் மறைந்தார். எதிர்ப்புகளுக்கிடையே அரசு அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றது. அவ்வாறு ஏற்கப்பட்டவற்றுள் மேற்கூறிய படகுப் போட்டி ஓவியமும் ஒன்று. இன்று அது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது.